கீட்டோனும் தசையும்: ஸ்ட்ரிப் சொல்லாத கணக்கு

அந்தச் சந்தேகம் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது மாதத்தில்தான் வருகிறது. அரிசியையும் கோதுமையையும் விட்டுவிட்டு முட்டை, கறி, பனீர், தேங்காய் என்று பேலியோ வழியில் போகிறவர், முதல் வாரங்களில் யூரின் ஸ்ட்ரிப்பை நனைத்ததும் அது கத்தரிப்பூ நிறத்துக்குக் கறுத்ததைப் பார்த்து மகிழ்ந்திருப்பார். இப்போது அதே ஸ்ட்ரிப் வெளிறிய ரோஜா நிறத்தோடு நின்றுவிடுகிறது. எடை இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டியிருக்கிறது. நிறம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. எங்கோ மாவுச்சத்து புகுந்துவிட்டது என்று முடிவுகட்டி, சாம்பாரில் கிடந்த நாலு பருப்பின் மீது பழி போடுகிறார்.

பருப்பு பெரும்பாலும் நிரபராதி. இரத்தத்திலோ சிறுநீரிலோ தெரியும் கீட்டோன், கிணற்றின் நீர்மட்டம் மாதிரி. ஊற்று எவ்வளவு சுரக்கிறது, கமலை எவ்வளவு இறைக்கிறது என்று மட்டம் தனியாகச் சொல்லாது. ஊற்று கல்லீரல். இறைப்பவர்களில் மூளை, இதயம், சிறுநீரகம் எல்லாம் உண்டு. ஆனால் உடம்பில் எடையால் பெரிய வாடிக்கையாளர் எலும்புத் தசை. அந்த வாடிக்கையாளர் நாளுக்கு நாள், வாரத்துக்கு வாரம் மனம் மாற்றிக்கொள்கிறவர் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

சமைப்பவருக்குச் சாப்பாடு இல்லை

சாப்பிட்டுப் பல மணி நேரம் ஆனாலோ, மாவுச்சத்து மிகவும் குறைந்தாலோ இன்சுலின் இறங்குகிறது. இன்சுலின் இறங்கியதும் கொழுப்புத் திசுவின் பூட்டு தளர்ந்து, கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தில் கலக்கின்றன. கல்லீரல் அவற்றை இழுத்து, தன் மைட்டோகாண்ட்ரியாக்களில் இரண்டிரண்டு கார்பன் துண்டுகளாக நறுக்குகிறது. தன் தேவைக்கு மேல் மிஞ்சும் துண்டுகளை மறுபடி ஒட்டவைத்து நான்கு கார்பன் கொண்ட அசிட்டோஅசிட்டேட்டாக்குகிறது. அதில் பெரும்பங்கு பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட்டாக மாறுகிறது. சிறுபங்கு தானாகவே சிதைந்து அசிட்டோனாகி, மூச்சில் பழுத்த பழ வாடையாக வெளியேறுகிறது. இந்த மூன்றையும் சேர்த்துத்தான் கீட்டோன் பொருள்கள் என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இரத்தத்தில் அதிகமாக ஓடும் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் வேதியியல் இலக்கணப்படி கீட்டோனே அல்ல. குடும்பப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இவ்வளவையும் ஆக்கும் கல்லீரலால் அதில் ஒரு வாய்கூட உண்ண முடியாது. கீட்டோனை எரிக்கத் தேவையான ஒரு நொதி அதனிடம் இல்லை. ஸ்காட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த நொதி தசையில் உண்டு, இதயத்தில் தாராளமாக உண்டு, மூளையிலும் சிறுநீரகத்திலும் உண்டு. பந்தியில் பரிமாறிக்கொண்டே போகும் சமையல்காரர் நடுவில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தால் கடைசி வரிசைக்கு இலை காலியாகத்தான் இருக்கும். கல்லீரலில் அந்த நொதி இல்லாததால்தான் ஆக்கிய கீட்டோன் முழுவதும் வெளியே போகிறது.

தசைக்குள் நடப்பது நீண்ட கதை இல்லை. செல்லின் சுவரில் எம்சிடி1 என்ற வாசல் இருக்கிறது. லேக்டேட் போக வரவும் அதே வாசல்தான். இன்சுலின் வந்து கதவைத் தட்ட வேண்டிய அவசியம் இல்லை. உள்ளே வந்த பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் மைட்டோகாண்ட்ரியாவில் மறுபடி அசிட்டோஅசிட்டேட்டாகிறது. ஸ்காட் நொதி, சிட்ரிக் அமிலச் சுழற்சியில் ஓடிக்கொண்டிருக்கும் சக்சினைல் கோஏவிடமிருந்து கோஎன்சைம் ஏ-வைக் கைமாற்றாக வாங்கி அதன் தலையில் கட்டுகிறது. பிறகு அது இரண்டாகப் பிளந்து, இரண்டு அசிட்டைல் கோஏ ஆகி, குளுக்கோஸிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் வரும் துண்டுகளோடு ஒரே அடுப்பில் எரிகிறது. மைட்டோகாண்ட்ரியா அடர்ந்த சிவப்புத் தசையிழைகளில், அதாவது நீண்ட தூர ஓட்டத்துக்கும் நிற்பதற்கும் உழைக்கும் இழைகளில், இந்த நொதிகள் அதிகம். சட்டென்று பாய உதவும் வெள்ளை இழைகளில் குறைவு.

ஸ்காட் நொதி பிறவியிலேயே பழுதான குழந்தைகள் அபூர்வமாகப் பிறக்கிறார்கள். அவர்களுடைய கல்லீரல் எல்லோருடையதையும் போலத்தான் கீட்டோனைச் சுரக்கிறது. ஆனால் ஒரு காய்ச்சல், ஒரு நாள் வாந்தி, கொஞ்சம் பட்டினி போதும். செலவாக வழியில்லாமல் கீட்டோன் தேங்கி, இரத்தம் ஆபத்தான அளவுக்கு அமிலமாகிவிடும். இறைப்பு நின்றால் கிணறு பொங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முன்கையில் 24 நாள்

பட்டினி கிடக்கும் மனிதத் தசை கீட்டோனை எப்படி நடத்துகிறது என்பதற்கு இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 1971-இல் வந்தது. ஆலிவர் ஓவன், ஜார்ஜ் ரெய்ச்சர்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் செய்தது. உடல் பருமன் கொண்ட எட்டுப் பேரை மருத்துவக் கண்காணிப்பில் பட்டினியாக வைத்து, முன்கைக்குள் போகும் இரத்தத்தையும் அங்கிருந்து திரும்பும் இரத்தத்தையும் எடுத்து ஒப்பிட்டார்கள். போனதில் எவ்வளவு திரும்பவில்லையோ அவ்வளவைத் தசை வைத்துக்கொண்டது என்று பொருள். எளிய கணக்கு, வீட்டுக்கு வந்த பால் பாக்கெட்டுக்கும் குப்பையில் விழுந்த காலி பாக்கெட்டுக்கும் உள்ள கணக்கு மாதிரி.

ஒரு இரவுப் பட்டினிக்குப் பிறகு தசை முக்கியமாக எடுத்துக்கொண்டது குளுக்கோஸைத்தான். கீட்டோனைக் கொஞ்சம்தான் தொட்டது. மூன்றாம் நாள் காட்சி மாறியது. இரத்தத்தில் கீட்டோன் ஏறியது, தசையும் அள்ளி அள்ளி எடுத்துக்கொண்டது. இதே போக்கில் போனால் 24-ஆம் நாள் தசை முழுக்கக் கீட்டோனில் ஓட வேண்டும் அல்லவா? ஓடவில்லை. இரத்தத்தில் கீட்டோன் முன்னைவிட அதிகம் இருந்தும் தசை கையை இழுத்துக்கொண்டது. எட்டுப் பேரில் ஐந்து பேருடைய முன்கையிலிருந்து பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் திரும்ப வெளியே வந்துகொண்டிருந்தது. அந்தக் கட்டத்தில் தசையின் முதன்மை எரிபொருள் கொழுப்பு அமிலம்.

தசை ஏன் இப்படிப் பின்வாங்குகிறது? விடை தலைக்குள் இருக்கிறது. அதே ஓவன், பாஸ்டனில் ஜார்ஜ் கேஹிலுடன் சேர்ந்து 1967-இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்தாறு வாரம் பட்டினி இருந்த மூன்று பேருடைய மூளை எதை எரிக்கிறது என்று அளந்தது. அதுவரை மூளைக்குக் குளுக்கோஸை விட்டால் வேறு கதியில்லை என்றே பாடப்புத்தகங்கள் சொல்லின. அளந்து பார்த்தால் மூளையின் ஆற்றலில் பெரும்பகுதி, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, கீட்டோனிலிருந்து வந்தது. கொழுப்பு அமிலத்தைத் தசையால் நேரடியாக எரிக்க முடியும். மூளையால் அதை நம்பி வாழ முடியாது. ஆகவே தசை கொழுப்பு அமிலத்துக்கு மாறிக்கொண்டால் கீட்டோன் மூளைக்கு மிஞ்சுகிறது.

இந்த ஏற்பாட்டில் தசைக்கும் லாபம் உண்டு, அதுவும் உயிர் காக்கிற லாபம். மூளை நாளொன்றுக்கு 100 கிராமுக்கு மேல் குளுக்கோஸ் கேட்கும். சாப்பாடு இல்லாத நாள்களில் அதில் பெரும்பகுதியைத் தசைப் புரதத்தை உடைத்துத்தான் கல்லீரல் தயாரிக்க வேண்டும். பட்டினியின் தொடக்கத்தில் சிறுநீரில் நாளுக்குச் சுமார் 12 கிராம் நைட்ரஜன் போகிறது. 1 கிராம் நைட்ரஜனுக்கு 6.25 கிராம் புரதம் என்ற வழக்கமான கணக்கில் 75 கிராம் புரதம் கரைகிறது. சில வாரங்களில் அந்த இழப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. மூளை கீட்டோனுக்குப் பழகியதே அதற்குக் காரணம். கீட்டோனைத் தசை விட்டுக்கொடுக்கிறது, பதிலுக்குத் தசையை மூளை விட்டுவைக்கிறது.

1988-இல் கே. ஸ்ரீகுமாரன் நாயர் குழு இன்னொரு பக்கத்திலிருந்து இதைத் தொட்டது. ஆரோக்கியமானவர்களுக்கு பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட்டை நரம்பு வழியாக ஏற்றியபோது, லியூசின் என்ற அமினோ அமிலம் எரிந்து வீணாவது குறைந்தது. தசைப் புரத உற்பத்தி கூடியது. இதை வைத்துக்கொண்டு கீட்டோன் குடித்தால் தசை வளரும் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். சில மணி நேர ஆய்வகச் சோதனைக்கும் ஆறு மாத ஜிம்முக்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது.

ஒரு கேள்வியை இங்கேயே தீர்த்துவிடலாம். நம் ஊர் விரதங்களில் இந்த அளவுக்கு எதுவும் நடப்பதில்லை. ஒரு இரவுப் பட்டினியில் இரத்தக் கீட்டோன் 0.1 முதல் 0.3 மில்லிமோல் வரை. இரண்டு மூன்று நாள் முழுப் பட்டினியில் 2, 3 மில்லிமோல். வாரக்கணக்கில் போனால் 5 முதல் 8 வரை. சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்தாலும், நடுநடுவே பாலும் பழமும் உள்ளே போனால் அவற்றின் சர்க்கரையே இன்சுலினை எழுப்பிக் கீட்டோனை அமுக்கிவிடும்.

ஓடும் கால்களில்

1936-இல் ஆக்ஸ்போர்டில் கோர்ட்டிஸ், டக்ளஸ் என்ற இருவர் காலை உணவுக்கு முன் 10 மைல் நடக்கவைத்துப் பார்த்தார்கள். நடக்கும்போது கீட்டோன் பெரிதாக ஏறவில்லை. நடை முடிந்து ஓய்வாக உட்கார்ந்த பிறகு மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே போனது. இந்த விளைவு இன்றும் அந்த இருவர் பெயரால் அழைக்கப்படுகிறது. காரணம் மறுபடியும் கிணறுதான்: நடை நின்றதும் தசை இறைப்பதை நிறுத்திவிடுகிறது, கொழுப்பு அமில வரத்தும் கல்லீரலின் உற்பத்தியும் உடனே நிற்பதில்லை.

1969-இல் ஹான்ஸ் கிரெப்ஸும் இடம்பெற்ற ஆக்ஸ்போர்டு குழு, பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களையும் பயிற்சி இல்லாதவர்களையும் ஓடவைத்து ஒப்பிட்டது. ஓட்டத்துக்குப் பிறகு பயிற்சி இல்லாதவர்களுக்குக் கீட்டோன் கிடுகிடுவென்று ஏறியது. ஓட்டக்காரர்களுக்கு அவ்வளவு ஏறவில்லை. பயிற்சி தசையில் மைட்டோகாண்ட்ரியாவையும், எம்சிடி1 வாசல்களையும், கீட்டோனை எரிக்கும் நொதிகளையும் பெருக்குகிறது. நன்றாக எரிக்கத் தெரிந்த உடம்பில் மீட்டர் குறைவாகக் காட்டலாம்! தினமும் ஓடுகிறவரும் சோபாவை விட்டு எழாதவரும் ஒரே உணவைச் சாப்பிட்டுத் தங்கள் எண்களை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை என்பது இதிலிருந்து தெரியும்.

சரி, ஓடும் தசை கீட்டோனிலிருந்து எவ்வளவு ஆற்றல் பெறுகிறது? ஏமாற்றம் தரும் விடைதான். சாதாரண நாளில் ஓய்விலிருக்கும் தசைக்கு அது சில சதவீதம். கீட்டோன் ஏறிய நிலையில் உடற்பயிற்சி செய்தாலும் பொதுவாகப் பத்து சதவீதத்துக்குள் அடங்கிவிடும். கீட்டோ உணவில் மாரத்தான் ஓடுகிறவரின் கால்கள் பெரும்பாலும் எரிப்பது கொழுப்பு அமிலத்தை. கீட்டோன் துணைக்கறி.

கொழுப்பை எரிக்கும் திறன் இந்த உணவில் கூடுகிறது என்பதில் சந்தேகம் வேண்டாம். ஜெஃப் வோலெக் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட காலமாக மாவுச்சத்தைக் குறைத்து உண்ட நெடுந்தூர ஓட்டக்காரர்கள் உச்சத்தில் நிமிடத்துக்கு 1.54 கிராம் கொழுப்பை எரித்தார்கள். வழக்கமான உணவு உண்டவர்களால் 0.67 கிராம்தான் முடிந்தது. இரண்டு மடங்குக்கும் மேல். இந்த எண்ணைப் பார்த்ததும் பலர் புத்தகத்தை மூடிவிட்டுத் தேங்காய் எண்ணெய் வாங்கக் கிளம்பிவிடுவார்கள்.

கிளம்புவதற்கு முன் லூயிஸ் பர்க் என்ன கண்டார் என்று பார்ப்பது நல்லது. ஆஸ்திரேலிய விளையாட்டுக் கழகத்தில் உலகத் தரத்திலான வேகநடை வீரர்களை மூன்று வாரம் கடுமையாகப் பயிற்சி செய்யவைத்தார். முடிவுகள் 2017-இல் வந்தன. ஒரு பிரிவினருக்கு எப்போதும் நிறைய மாவுச்சத்து. இன்னொரு பிரிவினருக்கு அதே மாவுச்சத்து, பயிற்சிக்கேற்ப ஏற்றி இறக்கி. மூன்றாவது பிரிவினருக்கு நாளுக்கு 50 கிராமுக்கும் குறைவான மாவுச்சத்து, மீதி பெரும்பாலும் கொழுப்பு. மூன்றாவது பிரிவினர் கொழுப்பை எரிப்பதில் சாதனை அளவைத் தொட்டார்கள். ஆனால் 10 கிலோமீட்டர் நடைப்போட்டியில் முதல் இரண்டு பிரிவினரும் 6.6, 5.3 சதவீதம் முன்னேறியபோது, இவர்கள் 1.6 சதவீதம் பின்தங்கினார்கள். காரணம் ஆக்சிஜன். ஒரே அளவு ஆற்றலைப் பெறக் கொழுப்புக்குக் குளுக்கோஸைவிட அதிக ஆக்சிஜன் தேவை. மெதுவாகப் போகும்போது அது உறைக்காது. மூச்சு முட்டும் வேகத்தில், ஒவ்வொரு மூச்சும் கணக்கில் வரும்போது, அந்தச் சில சதவீதம்தான் பதக்கம்.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவுக்கு வரலாம். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் மணிக்கணக்காகப் போகிறவர், மலையேறுகிறவர், எடை குறைப்பதற்காகக் காலையில் நடப்பவர்: இவர்களுக்குக் கீட்டோ உணவு தசைக்குத் தடையாக இருக்காது, பழகச் சில வாரம் பொறுத்தால். பத்து கிலோமீட்டரில் நேரத்தைக் குறைக்க நினைப்பவர், கபடி, கால்பந்து ஆடுகிறவர், போலீஸ் தேர்வுக்கு 1500 மீட்டர் ஓடுகிறவர் போட்டிக்கு முந்தைய மாதங்களில் இதைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

பாட்டிலில் வரும் கீட்டோன்

உணவை மாற்றாமலே கீட்டோனைக் குடித்துவிட்டால்? அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிப் பணத்தில், ரிச்சர்ட் வீச், ஆக்ஸ்போர்டின் கீரன் கிளார்க் ஆகியோர் உருவாக்கிய கீட்டோன் எஸ்டர் இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். குடித்த அரை மணியில் இரத்தக் கீட்டோன் பல நாள் பட்டினி அளவுக்கு ஏறிவிடும். 2016-இல் ஆக்ஸ்போர்டு குழு, ஒரு மணி நேரம் மிதித்துக் களைத்த சைக்கிள் வீரர்கள் மாவுச்சத்தோடு இதையும் குடித்திருந்தால் அடுத்த அரை மணி நேரத்தில் 2 சதவீதம், சுமார் 400 மீட்டர், கூடுதலாகப் போனதாக அறிவித்தது. சைக்கிள் உலகம் பரபரத்தது. மறு ஆண்டே வேறொரு வகைக் கீட்டோன் எஸ்டரைத் தொழில்முறை வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலியக் குழு நேர்மாறாகக் கண்டது: 31 கிலோமீட்டர் பந்தயத்தில் 2 சதவீதம் பின்னடைவு, கூடவே குமட்டலும் வயிற்றுப் புரட்டலும். பிறகு வந்த ஆய்வுகளிலும் பெரும்பாலானவை லாபம் காட்டவில்லை. சுவை வேறு சகிக்காது. விலையை வைத்துப் பார்த்தால் அந்தப் பணத்துக்கு நல்ல ஓட்டக் காலணி வாங்குவது உத்தமம்.

இதயத் தசையின் கதை வேறு. அது ஒருபோதும் ஓய்வெடுக்காத தசை. கீட்டோன் வருகிற அளவுக்கு ஏற்ப எடுத்துக்கொள்கிறது, எலும்புத் தசையைப் போலச் சலித்துக்கொள்வதில்லை. பலவீனமடைந்த இதயம் கொழுப்பை எரிக்கும் திறனை இழந்து, கீட்டோனை அதிகமாகச் சார்ந்திருக்கிறது என்று 2016-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. இதய நோயாளிகளுக்குக் கீட்டோனை மருந்தாகத் தரலாமா என்ற ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. வீட்டில் செய்து பார்க்கும் விஷயம் அல்ல அது.

எதை வைத்து அளப்பது

இப்போது அந்த வெளிறிய ஸ்ட்ரிப்புக்குத் திரும்பலாம். யூரின் ஸ்ட்ரிப்பில் இருக்கும் நைட்ரோபுருசைடு, அசிட்டோஅசிட்டேட்டோடு மட்டுமே நிறம் மாறும். பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட்டை அதற்குத் தெரியவே தெரியாது. நாள்பட்ட கீட்டோசிஸில் சிறுநீரகம் கீட்டோனை வீணாக்காமல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளப் பழகுகிறது. இதோடு ஒரு லிட்டர் தண்ணீரும் குடித்திருந்தால் ஸ்ட்ரிப் வெளிறாமல் என்ன செய்யும்? டப்பாவின் மூடியைச் சரியாக மூடாமல் விட்டாலும் ஸ்ட்ரிப் கெட்டு, இல்லை என்று பொய் சொல்லும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது சாதாரணமாக நடப்பது.

விரல் நுனி இரத்தத்தில் அளக்கும் மீட்டர் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட்டைக் காட்டும், நம்பத்தக்கது அதுதான். தினமும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். ஓடி முடித்த இரண்டு மணி நேரத்துக்குள் பார்த்தால் கோர்ட்டிஸ், டக்ளஸ் கண்ட ஏற்றம்தான் தெரியும், உணவின் விளைவு தெரியாது. எடை குறைப்பவருக்கு 0.5-ஐத் தாண்டினால் போதும். எண்ணை ஏற்றுவதற்காகக் காபியில் வெண்ணெயைக் கூட்டிக்கொண்டே போகிறவரின் கல்லீரல் எரிப்பது அந்த வெண்ணெயை; இடுப்பில் இருப்பது இருந்த இடத்திலேயே இருக்கும்.

சர்க்கரை நோயாளிக்கு இந்த மீட்டர் வேறு கருவி. அவர் கவனிக்க வேண்டியது மேல் எல்லை. இன்சுலின் போட்டுக்கொள்ளும் டைப் 1 நோயாளிக்கு 0.6-க்குக் கீழ் இருந்தால் கவலை இல்லை. 1.5-ஐத் தொட்டால் அன்றைக்கு உடற்பயிற்சி கூடாது. 3-ஐத் தாண்டினால் நேரே மருத்துவமனை. இன்சுலின் போதாத உடம்பில் கல்லீரலுக்குக் கடிவாளமே இல்லை. தசை எவ்வளவு இறைத்தாலும் ஊற்று அதை மிஞ்சிவிடும். அந்த நேரத்தில் சர்க்கரையை இறக்கலாம் என்று ஓடப் போவது, நிலைமையை மோசமாக்கும்.

டைப் 2 நோயாளிகள் அறிய வேண்டியது டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளைப் பற்றி. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் இவை நல்ல மருந்துகள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பலன் தருபவை. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-இல் முடிந்த பிறகு இந்தியாவில் விலை சரிந்து, பரவலாக எழுதப்படுகிறது. இவை கீட்டோன் உற்பத்தியையும் தூண்டுகின்றன. இவற்றோடு கடும் மாவுச்சத்துக் குறைப்போ நீண்ட விரதமோ சேர்ந்தால், குளுக்கோமீட்டரில் சர்க்கரை 150, 180 என்று அடக்கமாக இருக்கும்போதே இரத்தம் அமிலமாகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015 மே மாதமே இதை எச்சரித்தது. வாந்தி, வயிற்று வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு இருந்தால் சுகர் சரியாக இருக்கிறதே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. இரத்தக் கீட்டோனைப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பேலியோ தொடங்க நினைப்பவர் இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவரானால் முதலில் மாத்திரை எழுதிய மருத்துவரிடம்தான் போக வேண்டும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், இந்த இரண்டு மாத்திரைகளையும் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தும்படி மருத்துவர் சொல்வார். மாத்திரைச் சீட்டை மயக்க மருந்து நிபுணரிடம் காட்டுவதற்குக் கையிலேயே கொண்டுபோக வேண்டும்.